முதல் ரகம்

தச்சர் பலகைப் பெட்டியின் நாடாவை அறுக்கக் கத்தியை எடுத்தபோது, வீட்டுக்காரர் ஜன்னல் திரையைக் கம்பியோடு கழற்றி மூலையில் சாய்த்தார். கதவுகளை முழுதாகத் திறந்து கொக்கி மாட்டினார். வெளிச்சம் போதவில்லை என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது. யாரும் என்பதில் அவரும் அடக்கம்.

கூடம் காலியாக இருந்தது. கட்டில், அலமாரி, தையல் இயந்திரம் எல்லாம் உள்ளறையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. வெறும் சிமெண்ட் தரையில் அலமாரி நின்ற இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. தெரிந்தது என்பதை அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

மர ஆலையில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். வைத்தவர் யாரென்று யாருக்கும் நினைவில்லை. தரைப் பலகைகள் இழைக்கப்பட்டு, மெருகேறி, ஓடும் பட்டையில் வரும். அவர் ஒவ்வொன்றையும் பார்த்து ரகம் பிரிப்பார். கணு, பிசின் கோடு, பூச்சித் துளை, ஓர வெளிறல் எதுவும் இல்லாமல் ஒரே முகமாக இருந்தால் முதல் ரகம். சின்னக் கணு ஒன்றிரண்டு இருந்தால் இரண்டாவது. எல்லாம் கலந்து கிடந்தால் மூன்றாவது. ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் சொல்லியாக வேண்டும். அடுத்த பலகை வந்துவிடும். பெட்டி நிறைந்ததும் நாடா கட்டி, ரகம் பிரித்தவரின் எண்ணை அதன் மேல் குத்துவார்கள். அவருடையது பதினேழு.

சில மாதங்களாக ஆலை விளக்குகள் மங்கலாக எரிவதாக அவருக்குப் பட்டது. சொன்னார். மாற்றினார்கள். புது விளக்குகளும் மங்கலாகவே எரிந்தன. அதன் பிறகு அவர் விளக்கைப் பற்றிப் பேசவில்லை. கண்ணோடு கட்டைவிரலையும் சேர்த்து ஓட்டப் பழகினார். மெருகேறிய பலகையில் கணுவும் மற்ற இடமும் விரலுக்கு ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஓட்டினார். கண் பரிசோதனைக்கு வருபவர் ஒவ்வொரு வருடமும் அதே அட்டையைத்தான் சுவரில் மாட்டுவார். அதன் எழுத்துகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

கண் போனவர்களை ஆலை வீட்டுக்கு அனுப்பாது. கிடங்குக்கு அனுப்பும், பெட்டி அடுக்க. அப்படிப் போன ஒருவர் அங்கே இருந்தார். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. இப்போது அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

தான் பிரித்தது சரிதானா என்று ஆலையில் பார்க்க வழியில்லை. கட்டிய பெட்டியைப் பிரிக்க மேற்பார்வையாளர் வேண்டும். மேற்பார்வையாளருக்குக் காரணம் வேண்டும். அதனால்தான் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூடத்துக்கு மரத்தரை போடலாம் என்றார்.

மனைவி வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. வீட்டிலேயே துணி தைப்பவள். நாள் முழுக்க மிதித்தட்டில் ஒரு கால், சிமெண்டில் ஒரு கால்.

"ஊருக்கெல்லாம் மரத்துல தரை. என் காலு மட்டும் வெறச்சுப் போகணும்னு தலையெழுத்தான்னு நெனச்சிட்டிருந்தேன். என்ன திடீர் ஞானோதயம்?"

"போடணும்னு தோணிச்சு."

ஆலைக் கடையில் மாதிரித் துண்டுகளை வரிசையாக வைத்துக் காட்டினார்கள். அவள் மூன்றாவதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுதான். அது ரெண்டும் கழுவித் தொடச்ச மூஞ்சி மாதிரி இருக்கு. மூணாவதுன்னா சீக்கிரம் ஒடஞ்சிடுமா?"

"ஒடையாது. எல்லாம் ஒரே மரம், ஒரே பலம். ரகம்ங்கறது மொகம் மட்டும்தான்."

"அப்புறம் என்ன?"

"கைத்துண்ட வச்சு முடிவு பண்ணாத. இதுல ஒரு கணு இருந்தா கூடத்துல அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கும்."

"இருக்கட்டுமே. நூல் துணுக்கு விழுந்தாக்கூடத் தெரியாது. நாளைக்கு மூணு தடவ பெருக்கறது நானா நீங்களா?"

முதல் ரகம்தான் என்றார் அவர். எக்ஸ்ரே வீட்டில் கணு இருந்தால் ஊரே சிரிக்கும் என்றார். மூன்றாம் ரகத்தில் எது இருந்தாலும் தவறில்லை. தவறு இருந்தால் முதல் ரகத்தில்தான் தெரியும். இதை அவர் சொல்லவில்லை. அவள் துண்டைத் திரும்ப மேசைமேல் வைத்தாள். வைக்கும் முன் ஒருமுறை தடவினாள்.

கிடங்கில் அந்தப் பழைய ஆள்தான் இருந்தார். பதினேழாம் எண் பெட்டிகளாகப் பார்த்து எடுத்துத் தரும்படி கேட்டபோது அவர் சிரித்தார்.

"ஒன் மொகத்த நீயே மிதிக்கப் போறியா?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் இவரைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டார்.

தச்சர் வாயாடி. முழங்காலில் ரப்பர் கவசம், காதில் பென்சில். எல்லாப் பெட்டிகளையும் பிரித்துப் பலகைகளைக் கலந்து போட்டார். ஆணியோ பசையோ இல்லாமல் முதலில் கூடம் முழுக்கச் சும்மா பரப்பிப் பார்ப்பது அவர் வழக்கம்.

"ஒரு பெட்டிய அப்படியே அடுக்கினா ஒரு மூலை கறுப்பா, ஒரு மூலை வெளுப்பா நிக்கும்ணே. கல்யாண வீட்டுல பொண்ணு வீட்டு ஆளுங்க ஒரு பக்கம், மாப்பிள வீட்டு ஆளுங்க ஒரு பக்கம் ஒக்காந்த மாதிரி. கலந்து விடணும்."

"சேராத பலக இருந்தா ஒதுக்கி வச்சிடுங்க."

"முதல் ரகத்துல ஒதுக்க என்ன இருக்கப்போகுது?"

வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்றார். பலகையின் ஓரத்துப் பள்ளமான காடியில் அடுத்த பலகையின் நீட்டிய நாக்கு நுழையும்போது மெல்லிய சத்தம் கேட்டது. தச்சர் தன் மச்சான் வாங்கிய பழைய காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நகர்ந்தார். அவருக்குப் பின்னால் தரை, காற்றில்லாத குளம்போல ஒரே நிறத்தில் விரிந்துகொண்டு வந்தது. அழகாக இருந்தது. இரண்டு மூன்று வரிசை முடிந்ததும் ஜன்னலோரம் நின்றவருக்குத் தோள் தளர்ந்தது. வீண் பயம். விளக்குகள்தான் சரியில்லை.

அப்போது ஒரு பலகை சுவரில் சாயும் சத்தம் கேட்டது.

தச்சர் காரின் கதையைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று சாய்ந்தது. பிறகு இரண்டு, ஒன்றன் மேல் ஒன்றாக. கதையில் கார் பாதி வழியில் நின்றது. மச்சான் இறங்கித் தள்ளினானா என்று தெரியவில்லை. தச்சர் பேச்சை நிறுத்தியிருந்தார். நாக்கு காடியில் நுழையும் சத்தத்தை விட, சுவரில் சாயும் சத்தம் அடிக்கடி கேட்டது.

மனைவி டீயோடு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். கூடத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தாள். அவள் முகம் மலர்வது குரலில் கேட்டது.

"என்னங்க, எனக்குத் தெரியாம மூணாவதுக்கு மாத்திட்டீங்களா?"

அவர் கொக்கி மாட்டிய ஜன்னல் கதவை இன்னும் தள்ளிப் பார்த்தார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல பாரு! அழுத்தக்காரர். இங்க பாருங்க, இந்தக் கணு மூக்குத்தி மாதிரி இருக்கு."

"மூணாவது இல்லக்கா" என்றார் தச்சர். "முதல் ரகம்னுதான் பெட்டியில போட்டிருக்கான். எவனோ தூக்கக் கலக்கத்துல பிரிச்சிருக்கான். நானும் ஒதுக்கி ஒதுக்கிப் பாத்தேன். ஒதுக்கினது போக மிச்சம் இருக்கறது சமையலறைக்குக்கூடப் பத்தாது. அதான் கணு உள்ளதையும் கொஞ்சம் பரப்பிட்டேன்." காலி அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து அதன் பக்கத்தைத் தட்டினார். "பதினேழாம் நம்பர். எல்லாத்துலயும் இதேதான். அண்ணே, நீங்க அங்கதான வேல பாக்கறீங்க? யாருண்ணே இந்தப் பதினேழு?"

மனைவி பெட்டியைப் பார்த்தாள். வாராவாரம் அவள் துவைக்கும் வேலைக் கோட்டின் முதுகில் இருப்பது அதே எண். தையல் விட்டபோதெல்லாம் திரும்பத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். டீ டம்ளரைத் தச்சரிடம் நீட்டினாள்.

"புது ஆளு" என்றாள். "இப்பதான் சேந்திருக்காராம். இவரு சொல்லுவாரு."

"அதான பாத்தேன். பழகினா சரியாயிடும். கண்ணு இருந்தாப் போதும், கத்துக்கலாம்." தச்சர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பைக்குள்ளிருந்து போனை எடுத்தார். "ஒரு போன் போட்டுச் சொன்னா மொத்தத்தையும் மாத்திக் குடுத்துடுவாங்க. நம்பர் வேற இருக்கு, தப்பிக்க முடியாது. போடட்டுமா?"

கேட்டது அவரைத்தான். போடு என்றால் திங்கட்கிழமை காலை பெட்டிகள் மேற்பார்வையாளரின் மேசையில் இருக்கும். வேண்டாம் என்றால் ஏன் என்று தச்சர் கேட்பார்.

"வேணாம்" என்றாள் மனைவி. செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பலகைகள்மேல் நடந்தாள். ஒட்டாத பலகைகள் அவள் காலடியில் லேசாக அசைந்தன. "எனக்கு இப்படித்தான் வேணும்னு இருந்துச்சு. இவருதான் கேக்கல. தானா வந்ததத் திருப்பி அனுப்புவாங்களா? ஒதுக்கினதையும் எடுத்துச் சேத்துப் போடுங்க."

"காசு குடுத்தது முதல் ரகத்துக்குக்கா."

"நாங்க குடுத்தது. உங்களுக்கு என்ன வலிக்குது?"

தச்சர் சிரித்துவிட்டார். அவருக்கென்ன. பசை டப்பா கடையிலிருந்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. தெருமுனையில் திரும்பும் சத்தமும் கேட்டது.

வெயில் ஜன்னல் வழியாக எதிர்ச் சுவர்வரை நீண்டிருந்தது.

"எத்தன நாளா?" என்றாள்.

"அங்க வெளக்கு சரியில்ல."

"எந்த வெளக்கு?"

அவர் காலடியில் பார்த்தார். ஒரே நிறம். குனிந்து கட்டைவிரலால் தடவினார். வழவழவென்று இருந்தது.

"நான் ஏன் இப்பல்லாம் உங்ககிட்ட ஊசி கோக்கக் குடுக்கறதில்ல? யோசிச்சீங்களா?"

"நீயே கோத்துக்கறேன்னு நெனச்சேன்."

"நூலக் காத்துல கோத்துக்கிட்டு இருந்தீங்க. ஊசி ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம். அதப் பாத்துட்டு எப்படிக் குடுக்கறது?" குரல் உயரவில்லை. கணக்குத் தப்பிய தையலைப் பிரிக்கும்போது பேசுகிற குரல்தான். "டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"போனா எதாவது ஒரு பேரச் சொல்லுவாரு."

"பேரு சொன்னாத்தான மருந்து சொல்லுவாரு?"

"மருந்து இல்லாத பேரா இருந்தா?"

"திங்கக்கெழம வேலைக்குப் போவீங்களா?"

"போகாம?"

"போயி?"

அவள் சுவரோரம் ஒதுக்கியிருந்த பலகைகளிடம் போனாள். ஒன்றை எடுத்தாள். பார்த்தாள். வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். சுவரில் முதுகு சாய்த்து, அந்தப் பலகையை மார்போடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். வெயில் அதன்மேல் நேராக விழுந்தது.

"இது என்ன ரகம்?"

அவர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"அங்கேயே நின்னு சொல்லுங்க. பட்டையில வரும்போது எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் இது."

அவர் நின்றார். அவளுடைய முகம் தெரிந்தது. முகத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. பலகையின் விளிம்பு தெரிந்தது, அதைப் பற்றியிருந்த விரல்கள் தெரிந்தன. ஒரு மூச்சுக்குள் சொல்லியாக வேண்டும். மூச்சை இழுத்தார். விடவில்லை. வெளிறிய பலகையின்மேல் இரண்டு கரும்புள்ளிகள் இருந்தன. ஒன்று மேலே, ஒன்று அவள் கட்டைவிரலுக்கு அருகில். அவருடைய முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, மரத்தில் காற்று புகுந்தது. மேலே இருந்த புள்ளி நகர்ந்தது. கிளையின் நிழல்.

மற்றது நகர்வதற்காக அவர் காத்திருந்தார்.