மூன்றாம் எண் எச்சரிக்கையும் எண்பது கிலோ பன்றியும்

அந்த மழைக்காலத்தில் மட்டும் கிரிசாந்தா நான்கு முறை ஊரைக் கிளப்பிவிட்டாள். நான்கு முறையும் புயல் கட்டாண்டுவானஸ் தீவை எட்டிக்கூடப் பார்க்காமல் வடக்கே திரும்பிப் போய்விட்டது. ஊர்க்குழுவில் புயல் எச்சரிக்கை அவள் பொறுப்பு. அதனால் புயல் வராத பழியும் அவள் தலையில்தான் விழுந்தது. மூட்டை முடிச்சோடு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறி, சுள்ளென்ற வெயிலில் வியர்த்து வழிய இறங்கி வந்தவர்கள், "என்னக்கா, இன்னிக்குத் துணி காயப்போடலாமா, புயல் வருமா?" என்று வழிமறித்துச் சிரித்தார்கள்.

ஐந்தாவது எச்சரிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. மூன்றாம் எண். மதியத்துக்குள் கரையைக் கடக்கும், கடல் ஊருக்குள் புகும் என்றார்கள். கிரிசாந்தா கை ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு கரையோரத் தெருவில் கத்திக்கொண்டே போனாள். ஒருவரும் அசையவில்லை. கடைசி வீட்டு எவுஃபெமியோ கிழவர் கயிற்றுத் தூளியில் படுத்தபடி கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, எழுந்திருங்க. சிக்னல் மூணு."

"போன தடவையும் மூணுன்னுதான் சொன்ன. நான் மேட்டுல ஏறி முட்டி வலி வாங்கினதுதான் மிச்சம்."

"வானத்தைப் பாருங்க, எப்படி இருண்டு கிடக்குன்னு."

"உன் மூஞ்சியும்தான் காலையிலேருந்து இருண்டு கிடக்கு. அதுக்காக உன் புருஷன் வீட்டை விட்டு ஓடிட்டானா?"

அக்கம்பக்கத்துத் திண்ணைகளும் சன்னல்களும் சிரித்தன. கிரிசாந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"பள்ளிக்கூடத்துல பத்து மணிக்கு பிங்கோ! அட்டை இலவசம்! முதல் பரிசு ஒரு பன்னி!"

சன்னல்களில் தலைகள் முளைத்தன. கிழவர் நகம் வெட்டுவதை நிறுத்தினார். "எந்தப் பன்னி?"

"எங்க வீட்டுப் பன்னிதான். எண்பது கிலோ."

அவள் புருஷன் அன்செல்மோ அப்போது வீட்டுக் கூரையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கி அவனுக்கும் கேட்டது. இறங்கி ஓடி வந்தான்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? மக கல்யாணத்துக்குன்னு வளர்க்கிறேன்டி அதை!"

"கல்யாணத்துக்கு வர்ற ஜனம் உயிரோட இருக்க வேணாமா?"

"உன் தையல் மெஷினை வைக்க வேண்டியதுதானே?"

"தையல் மெஷினுக்கு யாருய்யா மேடு ஏறுவா?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே பன்றியை அவிழ்க்கப் போனான்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்க இடமில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்துவிட்டார்கள். எவுஃபெமியோ முட்டி வலியை மறந்து முன்வரிசையைப் பிடித்திருந்தார். மூலையில் கட்டிக் கிடந்த பன்றியை எல்லோரும் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். தன் பன்றியைத் தானே ஜெயித்துவிடும் வெறியில் அன்செல்மோ நாலு அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தான்.

"ஒரே ஒரு சட்டம்தான். வாசலைத் தாண்டினா அட்டை செல்லாது!" என்று அறிவித்துவிட்டு, கிரிசாந்தா எழுத்தும் எண்ணும் எழுதிய சீட்டுகள் கிடந்த டப்பாவைக் குலுக்கினாள்.

சில்லறைப் பரிசு ஆட்டங்கள் இரண்டு முடிந்து, பன்றிக்கான மூன்றாவது ஆட்டம் நடக்கும்போது காற்று வந்தது. சும்மா வரவில்லை, ஊளையிட்டுக்கொண்டு வந்தது. எங்கிருந்தோ பறந்து வந்த தகரம் சுவரில் மோதியது. குழந்தைகள் வீறிட்டன. கிரிசாந்தா இன்னும் உரக்க எண்களைக் கூவினாள். சன்னல் இடுக்கில் கண்ணை வைத்திருந்த ஒருவன் கத்தினான்:

"எவுஃபெமியோ மாமா! உங்க கூரை போகுது!"

"எந்தப் பக்கமா?"

"மேல்பக்கமா!"

"சரி, போகட்டும். எனக்கு இன்னும் ஒரு நம்பர்தான்டா பாக்கி," என்றார் கிழவர், அட்டையில் வந்த எண்கள்மேல் வைத்த சோளமணிகள் உருண்டுவிடாமல் கையால் அணைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு கடல் வந்தது. கரையோரத் தெரு முழுதும் தண்ணீருக்குள் போவதை இடுக்கு வழியே பார்த்தவன் கீழே உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தினால் யாராவது எதையாவது காப்பாற்ற வெளியே ஓடுவார்கள் என்று கிரிசாந்தாவுக்குத் தெரியும். டப்பாவுக்குள் கையை விட்டாள்.

"ஜி... ஐம்பத்தி நாலு."

"பிங்கோ!" என்று துள்ளினார் எவுஃபெமியோ. அன்செல்மோ அந்த அட்டையை மூன்று முறை சரிபார்த்தான். நான்காவது முறைக்கு ஜனம் விடவில்லை.

கிரிசாந்தா அடுத்தடுத்து ஆட்டம் போட்டுக்கொண்டே இருக்க, சாயங்காலம் காற்று ஓய்ந்தது. பதினொரு வீடுகள் போயிருந்தன. ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் இல்லை. பன்றிக் கயிற்றைக் கையில் பிடித்தபடி கிழவர் தன் வீடு இருந்த இடத்தில் நின்றார். மூன்று படிகள் மட்டும் மிச்சம். கிரிசாந்தா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

"நான் அந்தத் தூளியிலயே கிடந்திருந்தேன்னா..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் மூக்கைச் சிந்தினார். பிறகு, "இந்தப் பன்னியைக் கட்ட ஒரு கம்புகூட இல்லையேம்மா," என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஊரே கூடி முதலில் அவருக்கு வீடு எழுப்பியது. வேலைக்கு வந்தவர்களுக்காகக் கிழவர் பன்றியை அறுத்தார். கல்யாணத்துக்கு மீனே போதும் என்று மகள் சொன்ன பிறகும் மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்த அன்செல்மோ, அன்று விடியும் முன்பே வந்து மூங்கில் சுமந்தான். சாப்பாட்டில் மூன்றாவது தட்டு வாங்கும்போது பக்கத்தில் இருந்தவனை இடித்து, "எப்படி வளர்த்திருக்கேன் பார்த்தியா?" என்று கேட்டான். கிரிசாந்தா இன்னொரு துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.