சிவப்புத் தையல்

கடையில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. மலையேறப் போகிறவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள், அவ்வளவுதான். ஷூவுக்குள் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறதா, எத்தனை ராத்திரி தங்கல், உள்ளே போட்டிருப்பது பருத்தியா? பருத்தி என்றால் போச்சு. "கழட்டிப் போடுங்க, வேர்வையில நனைஞ்சா குளிர்ல அதுதான் எமன்" என்பாள். மலைச் சாமான்களை வாடகைக்குக் கொடுக்கும் அந்தக் கடையில் கிழிந்ததைத் தைப்பதுதான் அவள் வேலை. வாய் சும்மா இருக்காததால் சாமான் பொறுக்கிக் கொடுப்பதும் அவள் தலையில் விழுந்தது.

தையலில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஸ்லீப்பிங் பேக்கில் குளிருக்காக உள்ளே அடைத்த இறகு வீணாகித் துணி நன்றாக இருந்தால், அந்தத் துணியைத் தூக்கிப் போட மனசு வராது. வேறொரு பழைய பேக்கின் இறகை அதற்குள் திணித்துத் தைத்துவிடுவாள். துணியில் மைனஸ் பதினைந்து டிகிரி குளிர் வரை தாங்கும் என்று சீட்டு இருக்கும். உள்ளே இருக்கும் இறகோ பூஜ்யத்துக்கே முக்கி முனகும். அடையாளத்துக்குக் கால்மாட்டில், உள்பக்கம், சிவப்பு நூலில் நாலு தையல் போட்டு வைப்பாள். சிவப்பு இருந்தால் வெயில் காலத்துக்கு மட்டும். இந்த விவரம் அவளுக்கும் முதலாளிக்கும்தான் தெரியும். முதலாளியோ ஊசியைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற ஆள்.

போன சனிக்கிழமை அவள் தம்பி வந்தான். மலை என்று யாராவது பேச்செடுத்தால் போதும், அவனுக்குக் கால் தரையில் நிற்காது.

"எனக்குமா பரீட்சை?" என்றான்.

"உனக்குத்தான் முதல்ல" என்றாள். ஷூவை அமுக்கிப் பார்த்தாள். கையுறை இரண்டு ஜோடி எடுத்து வைத்தாள். டென்ட்டின் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டச் சொன்னாள். அதற்குள் வாசலில் ஏழெட்டுப் பேர் வந்து நிற்க, ஒரு ஜாக்கெட்டின் ஜிப்பை மெஷினில் கொடுத்துத் தைக்க உட்கார்ந்தாள். அலமாரியில் நீல நிறத்தில் இரண்டே இரண்டு ஸ்லீப்பிங் பேக் இருந்தன.

"எதை எடுக்கட்டும், அக்கா?"

அவள் நிமிரவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான். ஏதோ ஒண்ணை எடுத்துக்கோ."

இரண்டு ராத்திரிதான் தங்கல் என்று சொல்லிவிட்டுப் போனான். திங்கட்கிழமை இறங்கியிருக்க வேண்டும். ஞாயிறு மதியமே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. இன்று புதன் காலை.

மீட்புக் குழுத் தலைவர் கடைக்கே வந்துவிட்டார். ஆள் எவ்வளவு பலசாலி, எத்தனை மலை ஏறியவன் என்றெல்லாம் அவர் எப்போதும் கேட்கமாட்டார். என்ன எடுத்துக்கொண்டு போனான் என்பதுதான் அவருக்கு வேண்டும். அதை வைத்து எத்தனை ராத்திரி தாங்குவான் என்று முடிவு கட்டுவார். அவருடைய ஆட்கள் நாலு பேர் முதுகில் மூட்டையோடு வாசலில் நின்றார்கள். தம்பி பெண்டாட்டி ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"டென்ட்?"

"ரெட்டைத் துணி, சார். காஸ் ரெண்டு டப்பா. கையுறை ரெண்டு ஜோடி."

"ஸ்லீப்பிங் பேக்?"

"மைனஸ் பதினஞ்சு."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்படின்னா டென்ட்டுக்குள்ள மூச்சு இருக்கும். பனி சரியற இடம்தான், ஆபத்துதான். இருந்தாலும் உசுரோட இருக்கிறவனை விட்டுட்டு உட்கார முடியாது. இப்பவே ஏறிடுறோம். அதே மாதிரி இன்னொண்ணு இருந்தா குடுங்க டீச்சர், மேல போர்த்திக் கொண்டு வரலாம்."

தம்பி பெண்டாட்டி நாலு நாளில் முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

டீச்சர் மிச்சமிருந்த நீலப் பையை எடுத்து மேசையில் உதறினாள். கை பழக்கத்தில் கால்மாட்டை உள்பக்கமாகத் திருப்பியது. சிவப்பு இல்லை. தையல் பிரிந்திருக்குமோ என்று விரலால் தடவினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டில் ஒன்றுக்குச் சிவப்புத் தையல் போட்டது அவள்தான். போன கோடையில், இதே மேசையில். நல்ல பை இங்கே இருந்தது.

 வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாலு பேர் ஏறிப் போவார்கள். அவன் பிழைத்துக் கிடந்தாலும் கிடக்கலாம், நெட்டைக் கால்காரன், பிடிவாதக்காரன். அவள் வாசலைப் பார்த்தாள். நாலு ஜாக்கெட்டிலும் அவள் தையல் இருந்தது. ஒருவன் முழங்கையில் அவள் வைத்த ஒட்டு இன்னும் பிரியாமல் இருந்தது. அந்தக் கணம் அவர்கள் நாலு பேரையும் அவள் வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே பேசினாள்.

"சார், அவன்கிட்ட இருக்கிறது மைனஸ் பதினஞ்சு இல்ல. துணிதான் அது. உள்ள பழைய இறகு. பூஜ்யத்துக்கே பத்தாது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நான் தைச்சது, சார்."

 மேலே நேற்று மைனஸ் இருபது என்பது கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தலைவர் ஜன்னல் வழியாக மலை இருக்கும் பக்கம் பார்த்தார். அங்கே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. "சரிவு அடங்கட்டும். நாளன்னிக்குப் போவோம்" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். நாலு பேரும் சத்தமில்லாமல் மூட்டையை இறக்கினார்கள்.

"எதுக்கு இறக்குறாங்க, அண்ணி?" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"நான் சொல்லித்தாம்மா" என்றாள் டீச்சர். "நான்தான் பார்க்காம குடுத்துட்டேன். உன் புருஷனுக்கு நான்தான் குடுத்தேன்."

அவள் புரிந்துகொண்டாளா இல்லையா என்று தெரியவில்லை. எழுந்து வந்து துணிப்பையை நீட்டினாள். உள்ளே கம்பளி சாக்ஸ் இருந்தது. "எப்பப் போனாலும் இதைக் குடுத்து அனுப்புங்க. அவருக்குக் கால்தான் முதல்ல ஜில்லுனு ஆகும்."

டீச்சர் வாங்கிக்கொண்டாள். மேசையில், உதறிப் போட்ட நல்ல பை கொஞ்சம் கொஞ்சமாக உப்பி, ஒரு ஆள் படுத்திருக்கும் அளவுக்கு வந்திருந்தது.