நாலு மணி நேரப் பேரம்

போடி கடைவீதியில் பிறந்து வளர்ந்த சொர்ணலதா, சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதாகச் சரித்திரம் கிடையாது. கல்யாணப் பட்டில் இருந்து பல் பிடுங்குகிற கூலி வரை பேசிக் குறைத்தவள். எதிராளி பத்து என்றால் இவள் இரண்டு என்பாள். ஆறில் வந்து நிற்கும். இருவரும் நஷ்டப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் பிரிவார்கள். அந்தத் தைரியத்தில்தான் பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், ஏழு சினைமாடுகளைக் கட்டிப் பால்பண்ணை ஆரம்பித்தாள்.

முதல் இரண்டு மாடுகள் ஈன்றன. இரண்டு கன்றுகளும் துள்ளிக்கொண்டுதான் இருந்தன. ஒன்று ஐந்தாம் நாள், மற்றது நான்காம் நாள், கழிந்து கழிந்து கண் உள்ளே போய்ச் செத்தன.

தொழுவத்துக்கு எதிரே வாய்க்கால் கரையில் ஓர் ஆலமரம். மாடு ஈன்றபின் விழும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, அதில் தொங்கவிடுவது வழக்கம். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் மடி வற்றாதாம். அங்கே இரண்டு மூட்டைகள் காற்றில் மெல்லச் சுழன்றன. கன்றுகள் மண்ணுக்குள் போய்விட்டன. கொடிகள் மட்டும் மேலேயிருந்து தொழுவத்தைப் பார்த்தபடி இருந்தன. சொர்ணலதா அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகியிருந்தாள். மூன்றாவது கன்றும் போனால் மாடுகளை விற்றுவிட்டுத் தொழுவத்தைப் பூட்டிவிடுவதாகப் புருஷன் ஆதித்தனிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மூன்றாவதாகச் செவலை காலை பத்து மணிக்கு ஈன்றது. கிடேரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தாய் நக்க நக்க அது எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து மடியைத் தேடியது. பண்ணையாள் மொக்கைச்சாமி அதை இழுத்துக்கொண்டுபோய்த் தூணில் கட்டினார்.

"கொடி விழுகாம சீம்பால் குடுக்கக் கூடாது ஆத்தா. கன்னு குடிச்சா கொடி உள்ளயே தங்கிரும். அப்புறம் தாயையும் சேத்துத் தூக்க வேண்டியதுதான்."

"முத ரெண்டையும் இப்படித்தானண்ணே கட்டிப்போட்டீக?"

"அது கண்ணு பட்டது. ஒங்க சொந்தக்காரவுக கார் வச்சு வந்து பாத்துட்டுப் போனாகள்ல?"

கன்றின் தொப்புளில் மருந்து தடவிக்கொண்டிருந்த கால்நடை டாக்டர் ஷீபா நிமிர்ந்தாள். "அரைமணிக்குள்ள ரெண்டு லிட்டர் சீம்பால் உள்ள போகணும்க்கா. பொறந்த கன்னுக்கு நோயைத் தாங்குற சக்தி கிடையாது, அது சீம்பால்லதான் வருது. நேரமாக ஆக அதோட குடல் அந்தச் சக்தியை வாங்காது. கன்னு முட்டுனா கொடி சீக்கிரம்தான் விழும்."

"மாடு இதையெல்லாம் படிச்சிருக்கா டாக்டரம்மா?" என்றார் மொக்கைச்சாமி.

"அது படிக்கல. அதுபாட்டுக்குக் குடுக்கத்தான் வந்துச்சு. இழுத்துக் கட்டுனது நீங்க."

கோம்பையில் ஒரு மாடு ஈன முடியாமல் கிடப்பதாகப் போன் வந்தது. "அரைமணி, மறந்துறாதீக" என்று சொல்லிவிட்டு ஷீபா வண்டியை எடுத்தாள்.

சொர்ணலதா நடுவில் நின்றாள். டாக்டர் பேச்சைக் கேட்டு, கொடி தங்கிச் செவலை செத்துவிட்டால்? மொக்கைச்சாமி கோபித்துக்கொண்டு போய்விட்டால் ஏழு மாட்டையும் யார் பார்ப்பது? கொடி விழ எட்டு மணி நேரம்கூட ஆகலாம் என்றார் அவர். அரைமணி ஒரு பக்கம், எட்டு மணி ஒரு பக்கம். இந்தக் கணக்கு அவளுக்குப் பழக்கமானதுதான்.

"நாலு மணி நேரம்ணே. ஒங்களுக்கும் வேணாம், அவுகளுக்கும் வேணாம்."

"ரெண்டு லிட்டரெல்லாம் தாங்காது ஆத்தா."

"சரி, அரை லிட்டரு. தொண்டை நனையட்டும்."

அவர் முணுமுணுத்தார், ஆனால் சம்மதித்தார். நல்ல பேரம் முடிந்த நிறைவு அவளுக்கு.

முதல் ஒரு மணி நேரம் கன்று கயிற்றை இழுத்தது. அடுத்த மணி நேரம் கத்தியது. அப்புறம் சாணி அப்பிக் கிடந்த தூணையே மடி என்று நினைத்துச் சப்ப ஆரம்பித்தது. பிறகு படுத்துவிட்டது.

"பாத்தீகளா, அடங்கிருச்சு" என்றார் மொக்கைச்சாமி.

இரண்டு மணிக்கு அரை லிட்டர் சீம்பாலை பாட்டிலில் புகட்டினார்கள். சாயங்காலம் கொடி விழுந்தது. ஆலமரத்தில் மூன்றாவது மூட்டை ஏறியது.

இரண்டு நாள் கன்று துள்ளியது. சொர்ணலதா அந்த மரத்தை நிமிர்ந்துகூடப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் கன்றின் காது தொங்கியது. வாய்க்குள் விரலை விட்டாள். சில்லென்றிருந்தது, விரலைச் சப்பவில்லை. வாலுக்குக் கீழே வெள்ளையாகத் தண்ணீர்க் கழிச்சல்.

ஷீபா வந்து குளுக்கோஸ் ஏற்றினாள். "எப்ப சீம்பால் குடுத்தீக?"

"நாலு மணி நேரத்துல. அரை லிட்டரு."

ஷீபாவின் கை நின்றது. "யாரு சொன்னா அப்படி?"

சொர்ணலதா சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"நான் ஒரு வெல சொன்னேன், அவரு ஒரு வெல சொன்னாரு. சரி. கன்னுக்குட்டிகிட்ட கேட்டீகளாக்கா?"

அப்போதுதான் தொழுவத்தின் கோடியில் அடுத்த சினைமாடு கருப்பி வாலைத் தூக்கியது. பனிக்குடம் தெரிந்தது. மொக்கைச்சாமி வைக்கோலும் கயிறுமாக ஓடினார். கால் மணி நேரத்தில் கன்று தரையில் கிடந்தது. அது தலையைத் தூக்கிய உடனே அவர் அதன் கழுத்துக்குக் கயிற்றைக் கொண்டுபோனார்.

சொர்ணலதா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்கண்ணே."

"கொடி விழட்டும் ஆத்தா."

அவள் கயிற்றைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, மடியைக் கழுவினாள்.

"சரி, ரெண்டு மணி நேரம்" என்றார் மொக்கைச்சாமி.

அவள் கறக்க உட்கார்ந்தாள்.

"ஒரு மணி ஆத்தா. ஒங்களுக்காக."

மஞ்சளாக, கெட்டியாகச் சீம்பால் பாத்திரத்தில் இறங்கியது.

"அரைமணியாச்சும் பொறுங்க!"

எதிராளி இப்படி இறங்கி இறங்கி வருவதை அவள் ஆயுசில் எத்தனையோ முறை ரசித்திருக்கிறாள். இப்போது பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பாட்டிலை நிரப்பிக் கன்றின் வாயில் வைத்தாள். அது முட்டி முட்டிக் குடித்தது. முழுசாக இரண்டு லிட்டர்.

முதுகுக்குப் பின்னால் குளுக்கோஸ் சொட்டுவது நின்றது. ஷீபா சுட்டிக் கன்றின் கழுத்திலிருந்து ஊசியை உருவிவிட்டு, அதன் கண்களை மூடினாள். சொர்ணலதாவின் இடுப்பில் சொருகியிருந்த போன் அடித்தது. ஆதித்தன்தான். அவள் எடுக்கவில்லை, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தபடியே இருந்தாள்.

கருப்பிக்கு இன்னும் கொடி விழவில்லை. அதன் வாலையே பார்த்தபடி மொக்கைச்சாமி கையில் வெற்றுச் சாக்கோடு நின்றார். வெளியே மூன்று மூட்டைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.