சின்னத்தைக்கு ஒரு ரூம்

"அந்தச் சின்ன ரூம் எனக்கு வேணும் அண்ணி."

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் காலுறை ஒன்றுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

இந்த வீட்டில் என்னைக் கொண்டுவந்து விட்டபோது அம்மா ஒரே ஒரு புத்திதான் சொன்னாள். "சோறு கேளு, துணி கேளு, என்ன வேணா கேளு. ரூம் மட்டும் கேட்டுடாதே. கேட்டா, இவ இங்கேயே வேர் விடப் போறான்னு உன் அண்ணிக்குப் பயம் வந்துடும். உனக்கு அண்ணன் வேணும்னா அவ கதவைத் தட்டாதே."

நான் தட்டிவிட்டேன்.

"அதுலதான் சாமான் இருக்கே," என்றாள் அண்ணி.

சாமான் என்றால், அண்ணன் வாங்கி ஒரு வாரம் ஓடிய நடைப்பயிற்சி இயந்திரம், அதன்மேல் குளிர்காலப் போர்வைகள், லிஃப்ட் கம்பெனியிலிருந்து அவன் கொண்டுவந்து குவித்த அட்டைப்பெட்டிகள், சக்கரம் போன ஒரு சூட்கேஸ். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றி விடுகிறவன். என்னைப் படிக்க வைத்ததும் அவன்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன், சொல்லவும் விட மாட்டார்கள். எங்கள் பரம்பரையிலேயே முதல் டிகிரி நான். கறுப்பு அங்கியில் நான் நிற்கும் படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே சோபா. நான் தூங்குவது அதில். என் பட்டத்துக்கு ஒரு சுவர் கிடைத்தது, எனக்கு ஒரு சோபா கிடைத்தது.

குடிநீர் ஆய்வகத்தில் எனக்கு விடியற்கால ஷிஃப்ட். டிவி அணைந்த பிறகுதான் சோபா எனக்கு. மற்றவர்களின் சிரிப்பு அடங்கும்வரை தூக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பார்க்கலாம்," என்றான் வேலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்ட அண்ணன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் இல்லை. 'இல்லை' என்றால் வாயை மூடு.

பேச்சு அதோடு முடிந்தது. அந்த வாரமே உருண்டை செத்துப்போனது.

உருண்டை ஒரு கினிப்பன்றி. அண்ணன் மகளுக்கு மூன்று இருந்தன: உருண்டை, பட்டன், பஞ்சு. மூன்றும் பெண். அவள் அறையில் பெரிய கூண்டு. அண்ணன் அவற்றைப் பெருச்சாளி என்றுதான் சொல்லுவான், மகள் காதில் விழாதபடி. உருண்டை இருந்தவரை மற்ற இரண்டும் ஒழுங்காக இருந்தன. அது போனதும் பட்டனுக்குத் தலைக்கனம் ஏறியது. புல் தட்டின் முன்னால் காவல்காரன் மாதிரி நின்றுகொண்டு பஞ்சுவை அண்டவிடவில்லை. பஞ்சு ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சாப்பிடவில்லை. கினிப்பன்றி சாப்பிடாமல் இருந்தால் வேகமாகப் போய்விடும். கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். உடம்பில் ஒன்றுமில்லை, வீட்டில்தான் பிரச்சினை என்றார். பெரிதாக, குணம் தெரிந்த ஒன்றை நடுவில் கொண்டுவாருங்கள், சின்னதாக வாங்காதீர்கள் என்று சொல்லியனுப்பினார்.

கைவிடப்பட்ட பிராணிகளின் காப்பகத்துக்கு அண்ணி, அவள் மகள், நான் மூவரும் போனோம். காப்பகத்துக்காரி முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். தலைமுடியில் புல் ஒட்டியிருந்தது.

"குட்டி வேணும், குட்டி," என்று குதித்தாள் மருமகள்.

"குட்டி இன்னைக்கு அழகா இருக்கும். மூணு மாசத்துல அது ரவுடியா சாதுவான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது," என்றாள் காப்பகத்துக்காரி. "இவளைப் பாரு. வயசு வந்தவ. எப்படிப்பட்டவன்னு எனக்கு நல்லாத் தெரியும். வம்புக்குப் போக மாட்டா. வந்த வம்பையும் விட மாட்டா."

பழுப்பு நிறம். ஒரு காது கிழிந்து ஆறியிருந்தது. எங்களைப் பார்த்து ஓடவுமில்லை, கிட்டே வரவுமில்லை. புல்லை மென்றுகொண்டே எங்களை எடைபோட்டது.

"இவ பேரு சின்னத்தை," என்றாள் மருமகள்.

"ஏன்டி?"

"உங்களை மாதிரியே முறைக்கிறா அத்தை."

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னதற்குக் குழந்தையை அடிக்க முடியாது.

காப்பகத்துக்காரி நிபந்தனைகளைச் சொன்னாள். முதலில் இரண்டு வாரம் தனி அறை. தனி அறை என்றால் கதவு உள்ள அறை. நோய் ஏதும் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். இதைத் தொட்ட கையைக் கழுவாமல் வீட்டில் இருக்கும் இரண்டையும் தொடக் கூடாது. அதற்குப் பிறகு மூன்றையும் சேர்க்க வேண்டும், ஆனால் பழைய கூண்டில் அல்ல. அவர்களுக்கும் சொந்தமில்லாத, இவளுக்கும் சொந்தமில்லாத ஒரு தரையில்.

எனக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் புதிதாக வரும் தண்ணீர்க் குப்பியைப் பழையவற்றோடு வைத்தால் மேற்பார்வையாளர் தோலை உரித்துவிடுவார்.

"தனி ரூம் இருக்கா உங்க வீட்டுல?" என்று கேட்டாள்.

"இருக்கே!" என்றாள் அண்ணி. "தாராளமா இருக்கு."

நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அதில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மாலைக்குள் சின்ன ரூம் காலியாகிவிட்டது. நடைப்பயிற்சி இயந்திரம் பால்கனிக்குப் போனது. அட்டைப்பெட்டிகள் மடிந்து குப்பைக்குப் போயின. சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் போனது. அண்ணன் தரையைத் துடைத்தான், ஜன்னல் கொக்கியைக்கூடச் சரிசெய்தான். 'பார்க்கலாம்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"காத்து வரணும்ல, பாவம்," என்றான்.

"வரணும் வரணும்," என்றேன்.

கவனிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அண்ணிக்குப் புல் தூசி பட்டால் தும்மல். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். புல் போடுவேன், தண்ணீர் மாற்றுவேன், குடைமிளகாயை நறுக்கி வைப்பேன். பிற்பகலில் ஜன்னல் வழியே வெயில் வந்து தரையில் கட்டம் போடும். சின்னத்தை அதற்குள் வந்து காலை நீட்டிப் படுக்கும். நானும் பக்கத்தில் படுப்பேன். கதவு சாத்திய அறையில் நான் தூங்கியது அப்போதுதான். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வருவேன். மறுபடியும் ஹால், மறுபடியும் டிவி.

ஆய்வகத்தில் மேற்பார்வையாளர் ஒரு விஷயம் கேட்டிருந்தார். நீர்த்தேக்கத்துப் பக்கம் உள்ள சிறிய ஆய்வகத்துக்கு ஆள் வேண்டும். காக்கா குருவிகூட ஒதுங்காத இடம். தங்க ஒரு அறை தருவார்கள், பூட்டு சாவியோடு. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் கேட்கவில்லை. அண்ணன் வீட்டில் எனக்கு உரிமை இருக்கிறது என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன ரூம் கிடைத்தால் போகவும் மாட்டேன்.

இரண்டு வாரம் முடிந்தது. மறுநாள் நான் வேலையில் இருந்தபோது அண்ணி சின்னத்தையைத் தூக்கி நேராகக் கூண்டுக்குள் விட்டுவிட்டாள்.

நான் வந்தபோது மருமகள் கட்டிலின்மேல் ஏறி நின்று அழுதுகொண்டிருந்தாள். கூண்டுக்குள் பட்டனும் சின்னத்தையும் ஒரே உருளையாகச் சுழன்றன. பல் நறநறவென்று கேட்டது. பஞ்சு தண்ணீர்ப் புட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் துண்டை வீசிப்போட்டு அதோடு சேர்த்துச் சின்னத்தையை அள்ளினேன். அதன் பின்தொடையில் கடி. ரத்தம் துண்டில் ஊறியது.

"அவங்க இடத்துல விடக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்க இல்ல அண்ணி? உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு. அதுக்காகக் கூண்டுக்காரியா எழுந்து போவா? வந்தவதான் அனுசரிச்சுப் போகணும்," என்றாள் அண்ணி. அதோடு விடவில்லை. "நான் வந்தப்போ எனக்கு யாரு பொதுத் தரை தேடினா? உங்க அம்மா அடுப்படியில போய் நின்னேன். வாங்கிக் கட்டிக்கிட்டேன். பழகலையா?"

அவள் சொன்னது பொய்யில்லை. அம்மா கடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உப்புத் தண்ணீரால் காயத்தைத் துடைத்துச் சின்னத்தையைத் திரும்ப அறையில் விட்டேன். காயம் ஆறட்டும், அதன்பிறகு நான் சேர்க்கிறேன், யாரும் கை வைக்க வேண்டாம் என்றேன். பஞ்சு இன்னும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நானும் மருமகளும் மாற்றி மாற்றி அதற்குப் புல் மாவைக் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தோம்.

காயம் ஆறியதும் இடம் தேடினோம்.

"குளியலறை?" என்றாள் மருமகள்.

"வழுக்கும்."

"ஹால்?"

"அங்க அத்தை தூங்குறா," என்றான் அண்ணன். அவனாவது சொன்னானே என்று நான் நிமிர்ந்தேன்.

"தூங்கினா என்ன? ஹால் யாருக்கும் சொந்தமில்ல. அங்கேயே விடு," என்றாள் அண்ணி.

அண்ணன் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தான்.

மறுநாள் காலை, நீர்த்தேக்கத்து ஆய்வகத்துக்குப் போகிறேன் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "வீட்டுல சம்மதமா?" என்றார். "சொல்லிட்டாங்க சார்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சோபாவைச் சுவரோடு தள்ளி, தரையைக் கழுவித் துடைத்து, நடுவில் புல்லைக் குவித்தேன். கடையில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டிகளில் ஆளுக்கொரு வீடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஒரே வாசல் வைத்தால் மாட்டிக்கொண்டவள் கதி அதோகதி. மூன்றையும் விட்டேன்.

பட்டன் இடுப்பை ஆட்டிக்கொண்டு, தொண்டைக்குள் உறுமிக்கொண்டு சுற்றி வந்தது. பல்லை நறநறவென்று கடித்தது.

"எடு எடு, கடிக்கப் போகுது!" என்றாள் அண்ணி.

"ரத்தம் வராதவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க."

சின்னத்தை ஓடவில்லை. வாயை அகலத் திறந்து, நீளப் பல் தெரியக் கொட்டாவி விட்டது. பட்டன் ஒருதரம் பாய்ந்தது. சின்னத்தை இருந்த இடத்திலேயே திரும்பி நின்றது, அவ்வளவுதான். பட்டன் மூன்று சுற்றுச் சுற்றியது. பிறகு யாரும் பார்க்கவில்லை என்பதுபோல ஒரு புல்லை எடுத்து மென்றது. புல்லுக்குக் காவல் இல்லாததைப் பஞ்சு கடைசியாகத்தான் கவனித்தது. அட்டை வீட்டின் பின்வாசல் வழியாக வந்து, சின்னத்தையின் விலாவோடு ஒட்டிக்கொண்டு, சாப்பிட ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை.

மருமகள் என் கையைக் கிள்ளினாள். அண்ணி மூக்கை உறிஞ்சினாள். தும்மலா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை, சின்ன ரூம் காலியாக இருந்தபோது, மறுபடியும் கேட்டேன். பதில் எனக்குத் தேவையாக இல்லை. ஆனால் கேட்காமல் போனால், 'வாயைத் திறந்து கேட்டிருந்தா கொடுத்திருப்போமே' என்று ஆயுசுக்கும் சொல்வார்கள். அந்த வசதியை நான் அவர்களுக்கு விட்டுவைக்கப் போவதில்லை.

"அந்த ரூம் இப்போ சும்மாதானே இருக்கு. எனக்குக் கொடுங்க."

அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்ல பாப்பா, அந்தப் பழைய கூண்டுல விட்டா மறுபடி சண்டை வரும்," என்றான் அண்ணன். "பெரிசா ஒண்ணு அடிச்சு அங்கேயே வெச்சுடலாம்னு நினைச்சோம். காத்தோட்டமான ரூம்."

"அதுங்க வாயில்லா ஜீவன். நீ சொன்னாப் புரிஞ்சுக்கிறவ," என்றாள் அண்ணி. அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள்.

"புரிஞ்சுது அண்ணி."

பையை முந்தின நாளே கட்டிவைத்திருந்தேன். சோபாவுக்குப் பின்னால்தான் இருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை. வேலை மாற்றத்தைச் சொன்னேன். அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்தான். "உன்னை யாரு போகச் சொன்னா? அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ரூம் கேட்டான்னு சொல்லு. அம்மாவுக்குப் புரியும்."

மருமகள் கதவுவரை வந்தாள். "சின்னத்தைக்குக் குடைமிளகாய் யாரு நறுக்குவா?"

"நீதான். காலையில. சண்டை போட்டா உடனே பிரிக்காதே."

"ரத்தம் வந்தா?"

"வந்தா துண்டைப் போட்டு எடு. வெறும் கையை உள்ளே விடாதே."

அண்ணி சமையலறை வாசலில் நின்றாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துடு," என்றாள். அதையும் மனசாரத்தான் சொன்னாள்.

"பார்க்கலாம்," என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு பையைத் தூக்கினேன். உள்ளே மூன்றும் ஒன்றாகக் கத்தின, புல்லுக்கு நேரமாகிவிட்டது. நான் படியிறங்கினேன்.