அலமாரி மேல் இருந்த மணி

பராமரிப்பு நிறுவனத்தின் மேற்பார்வையாளர் படிவத்தோடு வந்து, படுக்கையில் கிடந்த பெரியவரிடம் கேட்டாள்: "நல்லா பாத்துக்கறாங்களா, சார்?"

"அப்பாவுக்கு ஒரு குறையும் இல்ல, மேடம்" என்று முந்திக்கொண்டாள், தலைமாட்டில் நின்ற பணிப்பெண். பெரியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தலையாட்டி பொம்மைகூட இதைவிட மனசோடு ஆட்டும்.

அவசரத்துக்கு அடிக்கிற மணி அலமாரி உச்சியில் இருந்தது.

"அங்க ஏம்மா வெச்சிருக்க?"

"சும்மா சும்மா அடிக்கறாரு, மேடம்."

மேற்பார்வையாளர் எரிச்சலோடு அதை எடுத்து அவர் கையில் திணித்தாள். பெரிய காரியம் சாதித்தவள் போல எல்லாக் கட்டத்திலும் 'நன்று' என்று குறித்துக்கொண்டு கிளம்பினாள்.

பாதிப் படி இறங்கியபோது மணி அடித்தது. விடாமல் அடித்தது. பிறகு யாரோ பொத்திப் பிடித்தது போலச் சட்டென்று அடங்கியது.

நின்றவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.