பின்சீட்டின் பாரம்

"கையெழுத்துத்தானே கேக்கிறேன், உங்கட உசிரையா கேக்கிறேன்—"

"மையத்தைக் காட்டு, அவன்ட ஒடம்பைக் காட்டு, வெக்கிறேன்—"

"ஏழு வருஷமா அதைத்தானே நானும்—"

"மையத்தைக் காட்டு மொதல்ல."

உக்குவளையில், கண்டி ரோட்டிலிருந்து ரயில் பாதைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஸக்கரியாவின் கராஜ். அஸர் தொழுதுவிட்டு வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. மனைவி மஸூதா போமை, அந்த அரசாங்கப் படிவத்தை, நீட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். காணாமல் போனவர்களை இறந்தவர்களாகப் பதியலாம் என்று அரசாங்கம் புதிதாகச் சட்டம் கொண்டுவந்திருந்தது. எண்பத்தொன்பதில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தவர் தகப்பன் என்பதால், போமும் அவர் பெயரில்தான் வந்திருந்தது. அவர் கையெழுத்து வைக்காமல் அது நகராது.

போமில் இருந்த பெயர் நுஹ்மான். அவர்களுக்கு ஒரே பிள்ளை.

மரணப் பத்திரம் எனக்கு எதற்கு, தொழுகைதான் வேண்டும் என்றாள் மஸூதா. காயிப் ஜனாஸா, உடல் இல்லாமலே தொழும் இறுதித் தொழுகை, தொழுவிக்கலாமா என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டதையும், மௌத், இறந்துவிட்டான் என்று ஒரு கடுதாசியாவது இல்லாமல் தன்னால் ஏலாது என்று அவர் சொன்னதையும் சொன்னாள். பிறகு அவள் குரல் இறங்கியது.

"தொழுதுட்டுக் கையேந்துறேன். எல்லார்ட பேரையும் செல்றேன். இவன்ட பேர் வந்தா நாக்கு நிக்குது. உசிரோட ஈக்கிறான் எண்டு ஹயாத்தை நீளமாக்கக் கேக்கிறதா, மௌத் எண்டு கபுறை வெளிச்சமாக்கக் கேக்கிறதா? ஏழு வருஷமா எங்கட புள்ளைக்கு ஒரு துஆ இல்ல. எனக்கு அது ஏலாது."

ஸக்கரியா கராஜின் உள்பக்கம் பார்த்தார். அங்கே அந்த மோட்டார் சைக்கிள் நின்றது.

எழுபத்தைந்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது கப்பலேறிய துரை ஒருவர் விட்டுப்போன இரண்டு சிலிண்டர் இங்கிலீஷ் வண்டி அது. அதே வருஷம்தான் ஜப்பான்காரன் கோல்ட் விங் என்ற மோட்டார் சைக்கிளை வெளியில் விட்டானாம். இதைப் பழைய சஞ்சிகை ஒன்றில் கண்டுபிடித்தபோது நுஹ்மானுக்குப் பதினைந்து வயது. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வண்டி. நாலு சிலிண்டர், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். தண்ணீரில் குளிரும். செயின் கிடையாது, ஒரு தண்டுதான் பின்சில்லைச் சுற்றும். அத்தனையும் செய்தவன் முன்னால் காற்றுத் தடுக்க ஒரு கண்ணாடி வைக்கவில்லை. வாங்கினவர்கள்தான் கண்ணாடியும் பெட்டியும் தேடிப் பூட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்து ஐந்து வருஷம் கழித்துக் கம்பனியே எல்லாம் பூட்டி விற்றது. பிறகு ரேடியோ வந்தது, பின்னால் இருப்பவருக்குச் சாய்மானம் வந்தது. எண்பத்தெட்டில் ஆறு சிலிண்டரும், அந்தப் பாரத்தைப் பின்னுக்கு எடுக்க ரிவர்ஸும் வந்தன.

"பாருங்க வாப்பா, ஒவ்வொரு மொடலும் பின்னுக்கு உக்காந்து ஈக்கிறவனுக்குத்தான் மாறுது" என்பான் நுஹ்மான்.

இதையெல்லாம் எழுத அவன் ஒரு கொப்பி போட்டான். ஜப்பானில் மாறினால் உக்குவளையில் இந்த இங்கிலீஷ் வண்டியும் மாற வேண்டும். மொடல் ஒன்று, கண்ணாடி. மொடல் இரண்டு, பெட்டிகள். மொடல் மூன்று, அகலச் சீட்டு. ஒவ்வொன்று முடிந்ததும் நாவுலை வரை ஓடிப் பார்ப்பார்கள். தகப்பன் ஓட்டுவார், மகன் பின்னால் இருந்து காது கொடுப்பான். திரும்பி வந்து எந்த போல்ட் முனகுகிறது என்று சொல்வான். சொன்னது ஒரு நாளும் பிழைத்ததில்லை.

மொடல் நான்கு சாய்மானம். அதை எடுத்து வரத்தான் எண்பத்தொன்பது செப்டெம்பரில் ஸக்கரியா அவனை மாத்தளைக்கு அனுப்பினார். குஷன் கடையில் தையல் முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் என்றார்கள். வெளியில் போய் நிற்கிறேன் என்று இறங்கினான், திரும்பவில்லை. அந்த நாட்களில் இளந்தாரிகளை அள்ளிக்கொண்டு போன நம்பர் பிளேட் இல்லாத ஜீப் ஒன்று பஸ் ஸ்டாண்டில் நின்றதாகப் பின்னால் பலர் சொன்னார்கள். யாரும் சாட்சி எழுதிக் கொடுக்கவில்லை. பதினோராம் நாள் குஷன் கடைக்காரரே சாய்மானத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வைத்துவிட்டுப் போனார்.

ஸக்கரியா அதைப் பூட்டினார். கொப்பியில் இன்னும் நாலு மொடல் மிச்சமிருந்தது. பின்னால் கால் வைக்கப் பலகை, ரேடியோவுக்குப் பின்சீட்டில் ஸ்பீக்கர், கை வைக்கத் தாங்கி. கடைசியாக ஸ்டார்ட்டர் மோட்டரைக் கொண்டே ரிவர்ஸ். அது போன மாதம்தான் சரிவந்தது. இப்போது கொப்பியில் வெறும் பக்கங்கள்தான்.

ஆனால் ஊர் பேசியது கொப்பியைப் பற்றி அல்ல. பின் ஸ்பிரிங்கைப் பற்றி. அதை இறுக்க மூன்று படி உண்டு. தனியாகப் போகிறவன் முதல் படியில் வைப்பான், ஆளை ஏற்றினால் மூன்றாம் படி. மூன்றில் இறுக்கிவிட்டுத் தனியாக ஓட்டினால் வால் குதிரை மாதிரித் துள்ளும். ஏழு வருஷமாக ஸக்கரியா மூன்றில்தான் வைத்திருந்தார். தனியாகத்தான் ஓட்டினார். வால் துள்ளவில்லை.

தேத்தண்ணிக் கடை ரவூப் முதலில் பகிடியாகத்தான் கேட்டான், என்ன ஸக்கரியா நானா, டபல்ஸ் போற மாதிரி ஈக்கே என்று. ரயில்வே கேட்காரர் ஒரு நாள் வந்து, மகன் கிடைத்துவிட்டானா, காலையில் உங்கள் வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் இருக்கக் கண்டேனே என்று சிங்களத்தில் சந்தோஷமாக விசாரித்தபோது மஸூதா கதவைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ரவூப் பகிடி விடவில்லை.

அந்த ஸ்பிரிங் கதையைத்தான் அவள் இப்போது எடுத்தாள்.

"மொதலாம் படிக்கு எறக்குங்க."

"எதுக்கு?"

"எறக்கிட்டு ஏறி உக்காருங்க. நான் விரல் வெச்சுப் பாக்கிறேன்."

கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அது அவளுடைய வேலை. அவர் ஏறி இருக்க, அவள் குந்தி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் கொடுத்து அளப்பாள். முதல் படியில் ஓராள் இருந்தால் நாலு விரல் போகும். இரண்டாள் இருந்தால் இரண்டு. நிறைப்பாரம் ஏற்றின வண்டி எத்தனையோ அளந்திருக்கிறாள், ஒரு தடவையும் அவளுடைய கணக்கை அவர் திரும்பப் பார்த்ததில்லை.

ஸக்கரியா தொப்பியைக் கழற்றி வைத்தார். பிறகு ஸ்பானரை எடுத்தார்.

"நாலு போனா வெக்கிறேன்" என்றார்.

"ரெண்டு போனா?"

"போமைக் கிழிச்சிடு. திரும்ப இந்தக் கதை எடுக்கப்படாது."

அவள் சரி என்றாள்.

ஸ்பிரிங்கை இறுக்கும் வளையம் இரண்டு தரம் சடக் என்று இறங்கியது. ஸ்டாண்டைத் தள்ளி, அவர் ஏறி, கால்களை ஊன்றி, முகத்தை நேரே வாசலுக்கு வைத்துக்கொண்டார். மஸூதா போமை இடுப்பில் செருகிப் பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தினாள். பிஸ்மி சொல்லிக் கையைக் கொடுத்தாள்.

இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது நகம் இரும்பில் முட்டியது.

கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். மறுபக்கம் போய்க் கொடுத்தாள். இரண்டு.

"எத்தனை?" என்றார் ஸக்கரியா. தலையைத் திருப்பவில்லை.

நாலு என்று சொன்னால் போதும். அவர் நம்புவார். வெள்ளிக்கிழமை தொழுவித்துவிடலாம். ஆனால் இவனை இங்கே உட்கார வைத்துக்கொண்டு, பள்ளியில் எல்லாரும் வரிசையாக நின்று எப்படித் தொழுவது?

"மஸூதா, எத்தனை விரல்?"

அவள் முழங்காலைப் பிடித்து எழுந்தாள். சாய்மானத்துக்கு ஒரு சாண் முன்னால், வளர்ந்த ஒருவனின் தோள் இருக்கக்கூடிய உயரத்தில், வெறுமையில் கையை வைத்தாள். கை கீழே விழவில்லை.

"கொஞ்சம் எறங்கி நில்லு மகன், வாப்பா கையெழுத்து வெக்கட்டும்."