பேக்கிங் ஷெட்டுக்கு வந்த இணைப்பு

1

"உங்க நாவல்ல புருஷன் வெளிநாடு போனதும் பொண்டாட்டி கம்ப்யூட்டர்ல அவன் முகத்தப் பாத்து மணிக்கணக்காப் பேசறாளே, அது எந்த ஊரு, அக்கா?"

"ஊர் பேரு போடலையே. ஏன் கேக்கற?"

"எங்க ஊரு இல்லன்னு தெரியும். அதான் கேட்டேன்."

2008இல், ஓசூரிலிருந்து கெலமங்கலம் வழியாகப் போகும் பேருந்தில், பக்கத்து இருக்கையில் இருந்த பெண் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினாள். புத்தகத்தின் பின்னட்டைப் படத்தை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டாளாம். இந்தக் கதை அவள் கொடுத்தது. பெயரை மட்டும் மாற்றி மோகனப்ரியா என்று வைத்திருக்கிறேன்.

ஊத்தங்கரையில் பிறந்தவள். கெலமங்கலத்தைத் தாண்டி ஒரு ரோஜாத் தோட்டத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். கணவன் சிவராஜுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. கல்யாணமான சில மாதங்களில் கம்பெனி அவனை இரண்டு வருடப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டது. அவன் முகத்தைப் பார்த்துத் தனியாகப் பேச வேண்டும், அதற்கு வீட்டில் இணையம் வேண்டும். கதையில் ஆசை இது ஒன்றுதான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'பனி விலகாத காலை. ரோஜாக்களுக்கு நடுவே அவளுடைய விழிகள்…'

அதோடு நிறுத்திவிட்டேன். விழிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தொலைபேசி அலுவலகம் தப்பித்துவிடும். அதைத் தப்பிக்க விடுவதாக இல்லை.

(எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. உங்கள் ஊரில் இருப்பதையே நினைத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.)

வீட்டில் தொலைபேசி ஏற்கெனவே இருந்தது. ஆனால் அந்த லைன் பேசுவதற்கு மட்டும்தான் லாயக்கு, பிராட்பேண்ட் வராது என்று அங்கே சொன்னார்கள். எப்போது வரும் என்று கேட்டால், மேலே கேட்க வேண்டும் என்றார்கள். மேலே யார் என்று கேட்டதற்கு கவுண்டரில் இருந்தவர் விரலை உயர்த்திக் காட்டினார். அங்கே கரண்ட் இல்லாமல் நின்றுபோன மின்விசிறிதான் இருந்ததாம்.

பிறகு நெட் கார்டு. இரவல் வாங்கிய லேப்டாப்பில் வீட்டில் சொருகினால் அது எல்லைக்கு அந்தப் பக்கத்து கர்நாடக டவரைப் பிடித்துக்கொண்டது. ரோமிங் கணக்கு ஏறியதே தவிர ஒரு பக்கம்கூட முழுதாகத் திறக்கவில்லை. விற்ற கடையில் போய்க் கேட்டாள். "உங்க வீடு தமிழ்நாடுதாம்மா. ஆனா உங்களுக்குக் கிடைக்கிற சிக்னல் கர்நாடகா. நாங்க என்ன பண்றது?"

கணவன் மனைவி பேசிக்கொள்வதற்கு இரண்டு மாநிலங்கள் சேர்ந்து குறுக்கே நிற்கின்றன. குடும்பக் கதை எழுதுகிறவள் இதற்கெல்லாம் கோபப்படக் கூடாதா? என் பதிப்பாசிரியர், டவரைக் குறைத்து ஏக்கத்தைக் கூட்டுங்கள் என்கிறார். ஏக்கம் தானாக வருவதில்லை ஐயா. அந்த டவரிலிருந்துதான் வருகிறது.

3

இந்த இடத்தில் எனக்கு மோகனப்ரியாவின் மேலேயே சந்தேகம் வந்தது. நெட் எதற்கு என்று வீட்டில் கேட்டதும் அவள், பெங்களூரு மார்க்கெட்டில் ரோஜா விலை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அலுவலகத்திலும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். எம்.காம். படித்தவள் எதற்காக இப்படி… உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று பேருந்திலேயே கேட்டுவிட்டேன்.

"எப்படிக்கா சொல்றது? போனு கூடத்துல இருக்கு. அவரு கூப்பிட்டா மொதல்ல மாமா பேசுவாரு, அப்பறம் அத்தை, கடைசில நான். பக்கத்துலயே அத்தை உக்காந்து பூ கட்டுவாங்க. தனியாப் பேசணும்னு எங்க வீட்டுல யாரும் கேட்டதில்ல. அத்தையே கேட்டிருக்க மாட்டாங்க."

சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ரோஜா விலை என்று சொன்னால் நாலு பேர் தலையாட்டுகிறார்கள். புருஷன் முகம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அவள் தலையாட்டலைத் தேர்ந்தெடுத்தாள், அவ்வளவுதான்.

* மாமனார் சென்னகிருஷ்ணனைக் கடுகடுப்பானவராக ஒருமுறை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அவர் மருமகளை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவளும் எப்போதோ சண்டை போட்டிருப்பாள்.

4

இணைப்பு வந்துவிட்டது. அவளுக்காக வரவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனி நிலம் வாங்கிப் பசுமைக்குடில் போட்டது. அவ்வளவு நாள் மேலே கேட்க வேண்டியிருந்த கேபிள், யாரையும் கேட்காமல் சாலையோரம் குழி பறித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. (இந்த வரியில் பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது.)

சென்னகிருஷ்ணன் உடனே மனு கொடுத்தார். புதுக் கம்ப்யூட்டரும் அதன் தலையில் ஒரு கேமராவும் வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கொண்டுபோய்ப் பேக்கிங் ஷெட்டில் வைத்தார்.

"நீ கேட்ட நெட்டு வந்துருச்சு பாரும்மா. வெல பாக்கத்தானே? பூ கட்டற எடத்துலயே இருக்கட்டும்."

அவள் சொன்ன காரணத்தை அந்த வீட்டில் ஒருவர் அப்படியே நம்பியிருக்கிறார். இதற்கு யார் மேல் கோபப்படுவது?

ஞாயிற்றுக்கிழமை சிவராஜ் திரையில் வந்தான். பூத் தரம் பிரிக்கும் பெண்கள் கத்தரிக்கோலும் கையுமாகச் சுற்றி நின்றார்கள். இளைத்துப்போய்விட்டான் என்று மாமியார் வெங்கடம்மாள் தன் தாய்மொழித் தெலுங்கில் அழுதாள். மாமனார் ஹாலந்து ரோஜாவின் காம்பு நீளம் எவ்வளவு என்று விசாரித்தார். எல்லோரும் முடித்த பிறகு சிவராஜ் இவளைப் பார்த்து, "நல்லாருக்கியா" என்றான். "ம்" என்றாள். ஒரு பெண், "அக்கா வெக்கப்படுதுடி" என்றாள். ஷெட்டே சிரித்தது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அதே கூட்டம், அதே "ம்".

என்னைப் பேருந்தில் பார்த்த அன்றைக்கு அவள் ஓசூருக்கு வந்தது பல் டாக்டரைப் பார்க்க என்று வீட்டில் சொல்லிவிட்டு. உண்மையில் பிரவுசிங் சென்டருக்கு. வீட்டில் இணையத்தை வைத்துக்கொண்டு, ஒட்டுப்பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து புருஷனோடு பேசப் போயிருக்கிறாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கரண்ட் போய்விட்டது. காத்திருந்து பார்த்துவிட்டுப் பேருந்து ஏறிவிட்டாள்.

"பாதில நிக்குதுக்கா அவரு முகம்" என்றாள். "இன்னைக்கு மாமாகிட்ட நான் கேக்கத்தான் போறேன்."

5

முடிவு. அவள் இறங்கிய நிறுத்தத்தில் மாமனார் மொபெட்டோடு காத்திருந்தார். பல் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் ஜன்னலோரம் இருந்தேன். அவள் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் பதில் சொல்வதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.

சிரித்துக்கொண்டே சம்மதித்தார் என்று ஒரு முறை எழுதினேன், வழக்கமான வாசகர்களுக்காக. ஷெட்டில் என்ன குறைச்சல் என்று கேட்டார் என இன்னொரு முறை எழுதினேன், என் கோபத்துக்காக. பதிப்பாசிரியரோ சிவராஜை விமானத்தில் வரவழைக்கச் சொல்கிறார். எழுதிய இரண்டையும் கிழித்துவிட்டேன், விமானத்தை எழுதவே இல்லை. உங்கள் வீட்டிலும் மாமனார்கள் இருக்கிறார்கள். பதிலை அவர்களிடம் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது அவள் சொன்னது மட்டும்தான். மொபெட்டில் ஏறாமல், தலையைக் குனியாமல் சொன்னாள்:

"மாமா, பல்லு வலியும் பொய், ரோஜா வெலன்னு சொன்னதும் பொய். எனக்கு அவரப் பாக்கணும். அந்தக் கம்ப்யூட்டர எங்க ரூமுக்கு மாத்திக் குடுங்க. நான் அவருகூடத் தனியாப் பேசணும்."